வீட்டிலேயே பழைய அம்பாசிடர், ஃபியட் புதுப்பிக்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பொள்ளாச்சி, மீனாட்சிபுரம், கொழிஞ்சாம்பாறை, பாலக்காட்டுச் சித்தூர், வாளையார் என்று தமிழ்நாடு-கேரள எல்லையின் இரண்டு பக்கமும் தோட்டத்துச் சாளைகளில் (தோட்ட வீடுகளில்) பழைய வண்டிகள் இன்னும் நிற்கின்றன. பெரும்பாலும் 1489 சிசி பெட்ரோல் என்ஜின் போட்ட அம்பாசிடர், அல்லது 1089 சிசி ஃபியட், அதாவது பின்னாளில் பத்மினி என்ற பெயரில் வந்த வண்டி. கீழே உள்ள பதில்கள் இந்த இரண்டு வண்டிகளையும் வைத்தே எழுதப்பட்டவை. மற்ற வண்டிகளுக்கு அளவுகள் மாறும், வேலையின் வரிசை மாறாது.

முதல் தடவை கை வைக்கிறேன். அம்பாசிடர் எடுக்கலாமா, பத்மினி எடுக்கலாமா?

வீட்டில் வேலை செய்யப்போகிறீர்கள் என்றால் பத்மினி சுலபம். சுமார் 900 கிலோதான் எடை. பானட்டைத் திறந்தால் கை போக இடம் இருக்கும். அம்பாசிடர் கனமான வண்டி, தகடும் கொஞ்சம் தடிமன். ஆனால் 2014 வரை மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் தயாரானதால் உதிரிபாகம் தேடி அலைய வேண்டியதில்லை. பத்மினி 2000 வாக்கில் நின்றுபோனது. என்ஜின் சாமான் இன்னும் கிடைக்கிறது. விளக்கு வளையம், கிரில், கதவு பீடிங் (ஓர ரப்பர்) போன்றவற்றுக்குத்தான் அலைச்சல். எது எடுத்தாலும் முழுசாக இருக்கிற வண்டியை எடுங்கள். ஓடாத என்ஜினை ஓட வைத்துவிடலாம். காணாமல்போன கதவுக் கைப்பிடியையும் டேஷ்போர்டு மீட்டரையும் தேடித்தான் இரண்டு வருடம் போகும்.

வாங்குவதற்கு முன் எங்கே பார்க்க வேண்டும்?

பெயிண்டைப் பார்க்காதீர்கள், அடியில் படுத்துப் பாருங்கள். இரண்டு வண்டியிலும் தனி சேஸிஸ் கிடையாது, உடம்பே சேஸிஸ். அதனால் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டிப் பகுதி, அதாவது சில், துருவில் போயிருந்தால் வண்டி நடுவில் தொய்யும். கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவுக்கும் பின் தூணுக்கும் உள்ள இடைவெளி மேலே குறுகலாகவும் கீழே அகலமாகவும் இருந்தால், அல்லது தூக்கி அழுத்தினால்தான் மூடுகிறது என்றால், சில் போய்விட்டது.

அடுத்து பின் லீஃப் ஸ்பிரிங் மாட்டும் இடம், ஜாக்கி வைக்கும் இடம், பேட்டரி தட்டு, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழி, ரப்பர் மேட்டுக்கு அடியில் உள்ள ஃப்ளோர். மேட்டைத் தூக்கிப் பார்க்க விடாத ஆளிடம் வண்டி வாங்க வேண்டாம். ஃப்ரிட்ஜில் ஒட்டும் சின்னக் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி உடம்பு முழுக்க ஓட்டுங்கள். பிடிக்காத இடமெல்லாம் பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை. பொன்னானி, கோழிக்கோடு பக்கம் கடலோரத்தில் ஓடிய வண்டி என்றால், மேலே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், சில்லுக்குள் திருப்புளியால் குத்திப் பார்த்துவிட்டுத்தான் விலை பேச வேண்டும். உப்புக்காற்று உள்ளிருந்து தின்னும்.

கேரள நம்பர் வண்டி, நான் இருப்பது தமிழ்நாட்டில். பேப்பர் எப்படி?

எல்லை பக்கத்திலேயே இருப்பதால் பலரும் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்தால் அங்கே புது எண் வாங்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 47-ஆம் பிரிவு இது. கேஎல்-70 சித்தூர் வண்டியை டிஎன்-41 பொள்ளாச்சிக்குக் கொண்டுவர, முதலில் சித்தூர் அலுவலகத்தில் ஃபாரம் 28 கொடுத்து என்ஓசி (தடையில்லாச் சான்று). பிறகு இங்கே ஃபாரம் 27-இல் புது எண்ணுக்கு விண்ணப்பம், பெயர் மாற்றத்துக்கு 29, 30. இந்த மாநிலத்து வரி தனி.

பழைய வண்டிகளில் வரும் சிக்கல் வேறு. பல ஆர்சி-கள் கையால் எழுதிய புத்தகம், கம்ப்யூட்டரில் ஏறியிருக்காது. பரிவாகன் தளத்தில் எண்ணைப் போட்டால் வண்டி வரவில்லை என்றால், விற்கிறவரே தன் ஆர்டிஓ-வில் அந்த விவரத்தை ஏற்றித் தர வேண்டும். அதற்கு முன் பணம் கொடுக்காதீர்கள். 15 வருடத்துக்குப் பிந்தைய பதிவுப் புதுப்பிப்பு நிலுவையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். சேஸிஸ் எண்ணைப் பென்சிலால் அச்செடுத்து ஆர்சி-யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். டிங்கரிங் (தகடு தட்டி, வெட்டி ஒட்டும் வேலை) நடக்கும்போது அந்த எண் பொறித்த இடத்தில் கிரைண்டர் படவே கூடாது. மாஸ்கிங் டேப் ஒட்டி, மேலே கிரீஸ் தடவி, ஷெட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

'வின்டேஜ்' பதிவு யாருக்கு?

2021 ஜூலையில் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு. சேஸிஸ், உடம்பு, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும், மறுபதிவுக்கு 5,000. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு மாநிலக் குறியீட்டுக்குப் பின் 'விஏ' என்று வரும்.

ஒன்றை யோசித்துக்கொள்ளுங்கள். இந்தப் பதிவில் உள்ள வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, வின்டேஜ் ரேலி, ஆய்வு, பெட்ரோல் போட, பழுது பார்க்க, இவற்றுக்கு மட்டும்தான். சந்தைக்கும் கல்யாணத்துக்கும் ஓட்டப்போகிறவர் சாதாரணப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டு போவதே சரி.

எந்த வரிசையில் வேலையைத் தொடங்குவது?

பேப்பர், உடம்பு, ப்ரேக், பெட்ரோல் லைன், வயரிங், என்ஜின், பெயிண்ட், உள் அலங்காரம். பலரும் என்ஜினில் ஆரம்பிக்கிறார்கள். சத்தம் கேட்டால் உற்சாகம் வரும் என்பது உண்மைதான். ஆனால் நிற்காத வண்டியில் ஓடுகிற என்ஜின் ஆபத்து. கதவு, மட்கார்டு, பம்பர் என்று எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் கழற்றிப் போடுவது அதைவிட மோசம். ஒரு பகுதியை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். கழற்றும் ஒவ்வொரு போல்ட்டும் அதற்கான ஜிப் பையில் போக வேண்டும், உள்ளே எழுதிய சீட்டோடு. அவிழ்ப்பதற்கு முன் போனில் நான்கு பக்கமும் படம் எடுங்கள்.

இடம் குறைந்தது 12 அடிக்கு 20 அடி, சிமெண்ட் தரை. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். அடியில் படுக்க வேண்டுமானால் நான்கு ஆக்சில் ஸ்டாண்டு கட்டாயம். ஹாலோ பிளாக் கல் அடுக்கி வைக்காதீர்கள், எச்சரிக்கையே இல்லாமல் நொறுங்கும். அம்பாசிடரில் ஸ்பேனர் அளவு பல இடத்தில் அங்குலத்தில் இருக்கும், பத்மினியில் மில்லிமீட்டர். 13 மி.மீ. ஸ்பேனரை அரை அங்குல நட்டில் போட்டு நட்டின் மூலை தேய்ந்துவிட்டால், அதைக் கழற்றவே ஒரு நாள் போகும்.

அம்பாசிடரின் முன் சஸ்பென்ஷன் டார்ஷன் பாரில் நிற்கிறது. முறுக்கிய கம்பிக்குள் வண்டியின் பாதி எடை அடைபட்டிருக்கிறது. அதைக் கழற்றும் வேலையைப் பழகிய மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். பத்மினியின் முன் காயில் ஸ்பிரிங்குக்கும் இதே பேச்சுத்தான்.

பத்து வருடமாக நிற்கிற என்ஜினை எப்படி ஸ்டார்ட் செய்வது?

உடனே செய்யக்கூடாது. பேட்டரி மாட்டி சாவியைத் திருப்புவதும், டிராக்டரில் கட்டி இழுப்பதும் சிலிண்டரோடு ஒட்டிப்போன பிஸ்டன் ரிங்கை உடைத்துவிடும்.

ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றுங்கள். ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் 30 மில்லி ஊற்றுங்கள். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது. மூன்று நாள் விட்டு, கிராங்க் நட்டில் நீளக் கம்பி ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னும் மெதுவாக அசையுங்கள். அசையவில்லையா? மறுபடி ஊற்றிக் காத்திருங்கள். ஒரு மாதம் ஆனாலும் பரவாயில்லை. ஸ்பேனருக்குப் பைப் போட்டு நீட்டி மிதிப்பதுதான் கூடாது.

சுற்ற ஆரம்பித்ததும் பழைய ஆயிலை இறக்கி, ஃபில்டர் மாற்றி, 20டபிள்யூ-50 மினரல் ஆயில் ஊற்றுங்கள். அம்பாசிடருக்குச் சுமார் 4 லிட்டர் பிடிக்கும். பிளக் போடாமலே ஸ்டார்ட்டரில் பத்துப் பத்து விநாடியாகச் சுற்றவிட்டு, ஆயில் பிரஷர் விளக்கு அணைகிறதா என்று பாருங்கள். அணைந்த பிறகே பிளக், பெட்ரோல். பழைய டேங்க் பெட்ரோல் வார்னிஷ் மாதிரி கெட்டியாகியிருக்கும். முதல் ஸ்டார்ட்டுக்குத் தனியாக ஒரு லிட்டர் கேனிலிருந்து ஹோஸ் கொடுங்கள்.

ஓட ஆரம்பித்தபின் கம்ப்ரஷன் பாருங்கள். நான்கு சிலிண்டரும் 110 முதல் 130 பிஎஸ்ஐ-க்குள், ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இல்லாமல் இருந்தால் சிலிண்டர் ஹெட்டைத் திறக்க வேண்டாம். ஒன்று மட்டும் குறைந்தால் அதில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. இந்த ஐந்து நிமிடச் சோதனை செய்யாமலே 'ரீபோர் பண்ணணும்', அதாவது சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கணும் என்று சொல்லும் ஷெட்டிலிருந்து வண்டியை எடுத்து வந்துவிடுங்கள்.

டப்பட் சத்தத்தை நானே சரி செய்ய முடியுமா?

அம்பாசிடரில் தாராளமாக. டப்பட் சத்தம் என்பது வால்வு இடைவெளி கூடியதால் வருவது. எட்டு வால்வுக்கும் இடைவெளி 0.38 மி.மீ., அதாவது 15 தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று). ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) ஸ்பேனரும் திருப்புளியும் போதும். ரேடியேட்டர் பக்கமிருந்து 1 முதல் 8 வரை எண்ணிக்கொள்ளுங்கள். எந்த வால்வு முழுக்கத் திறந்து நிற்கிறதோ, அதன் எண்ணை 9-லிருந்து கழித்தால் வரும் வால்வை அட்ஜஸ்ட் செய்யலாம். 1 திறந்திருந்தால் 8, 3 திறந்திருந்தால் 6, 5-க்கு 4, 2-க்கு 7. கேஜ் லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும். சத்தமே வரக்கூடாது என்று இறுக்கினால் எக்ஸாஸ்ட் வால்வு கருகும். லேசான 'டிக் டிக்' இந்த என்ஜினுக்கு இயல்பு.

அதே கேஜில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள பாயின்ட் செட்டின் இடைவெளியையும் பாருங்கள். அம்பாசிடர் லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டருக்கு 0.35 முதல் 0.40 மி.மீ., பிளக் இடைவெளி 0.64. ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2.

துருப்பிடித்த ஃப்ளோரையும் சில்லையும் வீட்டில் வெல்ட் செய்யலாமா?

ஃப்ளோருக்குச் செய்யலாம். சில்லுக்கு, வெல்டிங் கை பழகியிருந்தால் மட்டும். எது செய்தாலும் பேட்டரியை எடுத்துவிடுங்கள், பெட்ரோல் டேங்கை இறக்கி ஷெட்டுக்கு வெளியே வையுங்கள். காலி டேங்க்தான் நிறைந்த டேங்கை விட ஆபத்து, ஆவி வெடிக்கும்.

சில்லை வெட்டுமுன் கதவு நிற்கும் இடத்தில் முன் தூணிலிருந்து பின் தூணுக்கு ஒரு அங்குலச் சதுரப் பைப்பைக் குறுக்கும் நெடுக்கும் வெல்ட் வைத்து உடம்பைப் பூட்டுங்கள். இதைத் தவிர்த்தால் புது சில் அழகாக உட்காரும், கதவு மட்டும் இனி மூடாது. ஒரு பக்கம் முழுதும் முடித்த பிறகே மறு பக்கம் வெட்ட வேண்டும்.

ஃப்ளோருக்கு 20 கேஜ் சிஆர் (கோல்ட் ரோல்டு) தகடு, சில்லுக்கும் ஸ்பிரிங் மாட்டும் இடத்துக்கும் 18 கேஜ். துருவைத் தாண்டி பளிச்சென்ற இரும்பு வரும்வரை வெட்டுங்கள். துருவின் மேலே தகடு போர்த்தி வெல்ட் வைப்பது இரண்டு மழைக்குக்கூட நிற்காது. நடுவில் தண்ணீர் தங்கி, புதுத் தகடும் சேர்ந்து போகும். நம் பக்கத்து ஷெட்டுகளில் கேஸ் வெல்டிங்தான் வழக்கம். சூடு பரவித் தகடு அலை அலையாக எழும்பிவிடும், அதை மறைக்கத்தான் கிலோ கணக்கில் பட்டி. மிக் வெல்டிங்கில் (கம்பி தானாக வரும் மின் வெல்டிங்) 0.8 மி.மீ. கம்பி போட்டு, ஒரு புள்ளி இங்கே, அடுத்தது ஒரு ஜாண் தள்ளி என்று மாற்றி மாற்றி வைத்து, இடையில் கை வைக்கும் அளவு ஆறவிட்டால் தகடு சுருளாது. முடிந்ததும் மூட்டுகளில் சீம் சீலர், சில்லின் உள்ளே மெழுகு வகைத் துருத் தடுப்பான். சில்லின் அடியில் உள்ள வடிகால் ஓட்டைகளை அடைத்துவிடாதீர்கள்.

பட்டி எவ்வளவு தடிமன் போடலாம்?

3 மி.மீ. அதற்குமேல் தேவைப்பட்டால் டிங்கரிங் முடியவில்லை என்று அர்த்தம். வெறும் இரும்பில் எபாக்சி பிரைமர், அதன் மேல் பட்டி, மறுபடி பிரைமர். பட்டி ஈரத்தை உறிஞ்சும். பட்டி போட்ட உடம்பை மூடாமல் மழைக்காலத்தில் விட்டால், மேலே பெயிண்ட் அடித்து ஆறு மாதத்தில் கொப்புளம் வரும்.

பெயிண்ட் எப்போது அடிப்பது? எந்தப் பெயிண்ட்?

பாலக்காட்டுக் கணவாயில் இருக்கிறவர்களுக்கு மாசி, பங்குனிதான் நல்ல காலம். ஆனி, ஆடியில் தென்மேற்கு மழை, ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு. மார்கழி, தை காய்ந்த காலம்தான், ஆனால் கணவாய்க் காற்று புழுதியை வாரி அடிக்கும். ஷெட்டை நான்கு பக்கமும் பாலித்தீன் தாளால் மூடி, தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு, காலை எட்டு மணியிலிருந்து பதினொன்றுக்குள் அடியுங்கள்.

அந்தக் கால வண்டிகளில் இருந்தது என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட். சீக்கிரம் காயும், தூசி விழுந்தாலும் தேய்த்து எடுத்துவிடலாம், முதல் தடவை அடிக்கிறவருக்கு அதுவே தோது. ஈரக்காற்றில் அடித்தால் பால் பூத்த மாதிரி வெளுக்கும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது தகடு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிவதுதான் காரணம். ரிட்டார்டர் தின்னர் கொஞ்சம் சேர்த்தால் தவிர்க்கலாம்.

பியூ (பாலியூரித்தேன்) பெயிண்ட் நீடித்து உழைக்கும், வெயிலில் மங்காது. ஆனால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. துணி மாஸ்க், சாதாரண ஃபில்டர் மாஸ்க் எதுவும் அதற்குப் போதாது. வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முகமூடி வேண்டும். ஒரு தடவை நுரையீரல் ஒவ்வாமை பிடித்துவிட்டால் ஆயுளுக்கும் விடாது. அந்த வசதி இல்லாதவர்கள் தேய்ப்பு, பிரைமர் வரை வீட்டில் முடித்துவிட்டு, பியூ-வைப் பொள்ளாச்சி, கோவைப் பக்கம் பூத் வைத்திருக்கும் இடத்தில் அடித்துக்கொள்ளுங்கள். இதில் பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

தேய்ப்புத் தாள் 80, 180, 320, பிறகு தண்ணீர் விட்டு 600. பெயிண்ட் காய்ந்தபின் 1500, 2000, பாலீஷ். கம்ப்ரஸரில் 2 எச்பி, 100 லிட்டர் டேங்காவது இருக்கட்டும், தண்ணீர் பிரிக்கும் ட்ராப் இல்லாமல் அடிக்காதீர்கள். கன் முனை பிரைமருக்கு 1.8, பெயிண்டுக்கு 1.4.

ஒரு பேச்சு: நிறத்தை மாற்றினால் ஆர்சி-யிலும் மாற்ற வேண்டும். அடிக்கும் முன்பே ஆர்டிஓ-வில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இ20 பெட்ரோல் பழைய வண்டியைக் கெடுக்குமா?

ரப்பரைக் கெடுக்கும், அதனால் ரப்பரை மாற்றிவிடுங்கள். 20 சதவீத எத்தனால் பழைய ஹோஸை ஊறவைத்து உள்ளிருந்து உதிர்க்கும், அந்தக் கருந்துகள் கார்பரேட்டர் ஜெட்டை அடைக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸ், பம்ப்பில் புது டயஃப்ரம், கார்பரேட்டரில் புது கேஸ்கெட் போடுங்கள். பம்ப்புக்கு முன் கண்ணாடி ஃபில்டர் ஒன்று மாட்டினால் உதிர்வதைக் கண்ணால் பார்க்கலாம். பழைய டேங்கின் உட்சுவரில் ஒட்டிய கசடையும் எத்தனால் கரைத்துக்கொண்டு வரும் என்பதால் முதல் சில நூறு கிலோமீட்டருக்கு ஃபில்டரை அடிக்கடி பாருங்கள். கலவையில் பெட்ரோலின் அளவு காற்றுக்குக் கொஞ்சம் குறைந்துபோகும், மெயின் ஜெட் ஒரு படி பெரிதாகத் தேவைப்படலாம். பிளக் முனை சாம்பல் வெள்ளையாக இருந்தால் அதுதான் அடையாளம்.

ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் 2000-இல் நின்றது. அம்பாசிடரின் இரும்பு ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுக்கு அந்த ஈயம்தான் மெத்தையாக இருந்தது. அது இல்லாமல் நெடுஞ்சாலையில் வேகமாகவே ஓட்டினால் சீட் உள்ளே இறங்கும், டப்பட் இடைவெளி தானாகக் குறைந்துகொண்டே வரும். ஹெட் எப்படியும் லேத்துக்குப் போகிறது என்றால் கடினமான சீட் ரிங் போட்டுவிடுங்கள். பத்மினி ஹெட் அலுமினியம், அதில் சீட் ஏற்கெனவே தனி ரிங்.

வாளையாரிலிருந்து கோயம்புத்தூர் ஏறும்போது சூடு முள் மேலே போகிறது. ரேடியேட்டர் மாற்றணுமா?

முதலில் ஊற்றும் தண்ணீரைப் பாருங்கள். சித்தூர், பொள்ளாச்சிப் பக்கத்து போர் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். பிளாக்குக்குள்ளும் அதுவே படிகிறது. ரேடியேட்டரைக் கழற்றி, மேல் கீழ்த் தொட்டியைப் பிரித்து, குழாய் ஒவ்வொன்றையும் கம்பி விட்டுச் சுத்தம் செய்யக் கொடுங்கள். பிளாக்கின் வடிகால் செருகியைத் திறந்து எதிர்த் திசையில் தண்ணீர் பாய்ச்சுங்கள். கடைசிச் சிலிண்டர் ஓரத்தில் சேறு மாதிரித் துரு வரும். தெளியும்வரை விடாதீர்கள். பிறகு டிஸ்டில்ட் வாட்டரும் கூலன்டும் மட்டும்.

தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிவது பல ஷெட்டுகளில் பழக்கம். அது இல்லாமல் என்ஜின் சரியான சூட்டுக்கே வராது. பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், ஆயிலில் ஈரம் தங்கும். வேலை செய்யும் புதுசைப் போடுங்கள். இத்தனைக்கும் பிறகு சூடு ஏறினால் இக்னிஷன் டைமிங் தாமதமா, ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து, விடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட்.

ப்ரேக்கில் எதை மாற்ற வேண்டும்?

ரப்பர் எல்லாவற்றையும். மாஸ்டர் சிலிண்டர் கிட், வீல் சிலிண்டர் கிட், ஹோஸ்கள். வெளியே நன்றாகத் தெரியும் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கும், ப்ரேக் பிடித்தால் விடாது. இந்த வண்டிகளில் ஒரே சர்க்யூட்தான். ஒரு இடத்தில் ஒழுகினால் நான்கு சக்கரத்திலும் ப்ரேக் போய்விடும். அரை அரையாகச் செய்யக்கூடாத வேலை இது. சிலிண்டர் உள்சுவரில் விரல் நகம் தட்டும் குழி இருந்தால் கிட் போட்டுப் பயனில்லை, ஸ்லீவ் போட வேண்டும் அல்லது புதுசு. இரும்பு பைப்பை மாற்றும்போது சாதாரணச் செம்பு பைப் போடாதீர்கள், அதிர்வில் இறுகி வெடிக்கும்.

பழைய ப்ரேக் ஷூ தூளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். காற்று அடித்து ஊதாதீர்கள், தண்ணீரில் நனைத்துத் துடையுங்கள். டாட் 3 அல்லது டாட் 4 ஆயில் ஊற்றி, ஷூக்களை முதலில் அட்ஜஸ்ட் செய்துவிட்டு, தூரத்துச் சக்கரத்திலிருந்து காற்றெடுங்கள்: இடது பின், வலது பின், இடது முன், வலது முன். ஒருவர் பெடலை மெதுவாக மிதித்துப் பிடித்துக்கொள்ள, மற்றவர் நிப்பிளைத் திறந்து மூடிய பிறகே பெடலை விட வேண்டும். அந்த ஆயில் பெயிண்டில் பட்டால் உரிந்துவிடும், பக்கத்தில் தண்ணீர் வாளி இருக்கட்டும்.

டயர்?

அம்பாசிடருக்கு 5.90-15, பத்மினிக்கு 5.20-14. ரேடியல் போடுவதானால் நான்கும் ரேடியல், உள்ளே ட்யூபோடு. பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கம் தயாரான வாரமும் வருடமும். பட்டன் தேயாத பத்து வருட டயரும் குப்பைதான்.

பழைய வயரிங்கை அப்படியே வைக்கலாமா?

துணி சுற்றிய வயர் மடித்தால் பொடியாகிறது என்றால் வேண்டாம். இந்த வண்டிகளில் ஃப்யூஸ் மிகக் குறைவு, எரியும் வண்டிகளில் பல வயரால்தான் எரிகின்றன. ஹெட்லைட்டுக்கு 2.5 சதுர மி.மீ., சின்ன விளக்குக்கு 1. இரண்டு ஹை பீம் சேர்ந்து 120 வாட், 10 ஆம்பியர். அதைப் பழைய சுவிட்ச் வழியாக அனுப்பாமல் ரிலே வைத்தால் வெளிச்சம் கூடும், சுவிட்சும் பிழைக்கும். விளக்கு மங்கல் என்று புது பல்பு வாங்குவதற்கு முன் எர்த் இடங்களைச் சுரண்டி இறுக்குங்கள். பாதிப் புகார் அங்கேயே தீரும்.

பழைய அம்பாசிடர்களில் சிலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் உடம்பில் எர்த் ஆகியிருக்கும். பார்க்காமல் ஆல்டர்னேட்டரோ ஸ்டீரியோவோ மாட்டினால் அந்த நொடியே கருகும்.

முன் கண்ணாடியை நாமே மாட்ட முடியுமா?

இரண்டு பேர் வேண்டும். புது பீடிங்கை வெயிலில் அரை மணி நேரம் போட்டு இளக்கி, முதலில் கண்ணாடியைச் சுற்றி மாட்டுங்கள். உடம்பு விளிம்பு உட்காரும் பள்ளத்தில் 4 மி.மீ. நைலான் கயிற்றைச் சுற்றிலும் பதித்து, இரண்டு முனையும் கீழ் நடுவில் ஒரு ஜாண் தாண்டி வண்டிக்குள் தொங்கும்படி விடுங்கள். சோப்புத் தண்ணீர் தாராளமாகத் தடவி, கண்ணாடியை வெளியிலிருந்து வைத்து ஒருவர் உள்ளங்கையால் அழுத்த, வண்டிக்குள் இருப்பவர் கயிற்றின் முனையைத் தன் பக்கம் நேராக இழுத்துக்கொண்டே வர வேண்டும். கயிறு வெளிவரும்போதே ரப்பரின் உதடு விளிம்பைத் தாண்டி உள்ளே மடிந்து உட்காரும். அழுத்துகிறவர் கை, இழுக்கிறவர் கயிற்றுக்கு நேர் எதிரே நகர்ந்துகொண்டே இருக்கட்டும். மூலையில் இறுகினால் சோப்புத் தண்ணீர் இன்னும் விடுங்கள், குத்துவிடாதீர்கள்.

பம்பர் குரோம், சீட்?

பம்பரின் நெளிவு எடுத்த பிறகே முலாம் போடக் கொடுங்கள், செம்பு, நிக்கல், குரோம் மூன்று அடுக்கும் வேண்டும் என்று வாயால் கேளுங்கள். துத்தநாக வார்ப்பில் செய்த சின்னச் சாமான்களில் குழி விழுந்திருந்தால் மறுமுலாம் நிற்காது. சீட்டின் ஸ்பிரிங் நன்றாக இருந்தால் அதன்மேல் ரப்பர் கலந்த தென்னை நார் மெத்தை வையுங்கள். வெறும் ஃபோம் போட்டால் உட்காரும் உயரமே மாறிவிடும். நார் மெத்தை கேரளப் பக்கம் சுலபமாகக் கிடைக்கும்.

எனக்கு ஏசி, டிஸ்க் ப்ரேக், பெரிய என்ஜின் எல்லாம் வேண்டும். எதுவரை செய்யலாம்?

கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: தயாரிப்பாளர் குறித்த அடிப்படை விவரத்துக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது. சட்டப்படி ஒவ்வொரு திருத்தத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம்வரை சிறைக்கும் இடமுண்டு. என்ஜினை வேறு வகைக்கு மாற்றுவது, கூரையை வெட்டுவது, உடம்பை நீட்டுவது, அகல டயருக்காக மட்கார்டை வெட்டுவது, இவையெல்லாம் இதில் மாட்டும். எல்லையில் உள்ள கோவிந்தாபுரம் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் சோதனை இன்னும் கறார்.

எங்கள் அளவுகோல் இதுதான்: ஒரு ஸ்பேனரால் மாட்டி, அதே ஸ்பேனரால் கழற்றிப் பழையபடி வைக்க முடிந்தால் செய்யுங்கள். எலக்ட்ரானிக் இக்னிஷன், ஆல்டர்னேட்டர், ரிலே, சீட் பெல்ட், மறைவாக ஒரு சார்ஜிங் பாயின்ட் எல்லாம் அப்படிப்பட்டவை. டிஸ்க் ப்ரேக் நல்லதுதான், ஆனால் மாற்றுமுன் ஆர்டிஓ-வில் எழுத்தில் கேளுங்கள். கியரை ஸ்டியரிங்கிலிருந்து தரைக்கு மாற்ற ஃப்ளோரில் ஓட்டை போடுவதும், மியூசிக் சிஸ்டத்துக்காக டேஷ்போர்டை அறுப்பதும் திரும்ப வராத வேலைகள். அசல் டேஷ்போர்டு ஒன்று போனால் போனதுதான். கழற்றிய ஒவ்வொரு சாமானையும் எண்ணெய் தடவி, பெட்டியில் போட்டு, வண்டியோடேயே வையுங்கள். 50 வருடம் தாண்டும்போது வின்டேஜ் பதிவுக்கும் அந்தப் பெட்டிதான் உதவும்.

சாமான் எங்கே கிடைக்கும்? செலவு எவ்வளவு ஆகும்?

பழைய பாகங்களுக்குக் கோவை உக்கடம், சென்னை புதுப்பேட்டை. உங்கள் பழைய சாமானைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள், மாடலுக்கு மாடல் வித்தியாசம் உண்டு. கிராங்க் கிரைண்டிங், ரீபோர், ஸ்லீவ் போன்ற லேத் வேலைக்குக் கோவையை விட்டுத் தாண்ட வேண்டியதில்லை.

செலவில் பாதிக்கு மேல் டிங்கரிங்குக்கும் பெயிண்டுக்கும்தான் போகும், என்ஜினுக்கு இல்லை. உடம்பைச் சுரண்டிப் பார்க்காமல் யாரும் தொகை சொல்ல முடியாது. சொன்னால் நம்பாதீர்கள். ஷெட்டில் கொடுக்கும் வேலைக்கு மொத்தமாக முன்பணம் தராமல், கதவுக்கு இவ்வளவு, சில்லுக்கு இவ்வளவு என்று பகுதி பகுதியாகப் பேசுங்கள்.

மழைக்காலத்தில் மூன்று மாதம் ஓட்டாமல் நிறுத்த வேண்டும். என்ன செய்வது?

கார்பரேட்டரில் உள்ள பெட்ரோலை முழுக்க இறக்கிவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுத்துத் தண்ணீராக அடியில் தங்கி, கிண்ணத்தை அரிக்கும். டேங்கை மட்டும் கழுத்துவரை நிரப்புங்கள், காற்றுக்கு இடமில்லாவிட்டால் உள்ளே துரு பிடிக்காது. பேட்டரியை எடுத்து மாதம் ஒருமுறை சார்ஜ் போடுங்கள். ஹேண்ட் ப்ரேக் போடாதீர்கள், ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

பிளாஸ்டிக் தார்ப்பாயால் மூடினால் அடியில் வியர்த்துத் துரு வேகமாகும், பருத்திப் போர்வையே சரி. ஏர் ஃபில்டர் வாயிலும் சைலென்சர் குழாயிலும் வலைத் துணி கட்டுங்கள், சாளையில் எலிக்குக் கூடு கட்ட அதுதான் முதல் இடம். கட்டிய துணியை என்ஜினை ஸ்டார்ட் செய்யும் முன் அவிழ்க்க மறக்காமலிருக்க, ஸ்டியரிங்கில் ஒரு சீட்டு தொங்கவிடுங்கள். பத்து நாளைக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது நல்லதல்ல. சூடேறாத என்ஜினில் ஈரம்தான் சேரும். எடுத்தால் கொழிஞ்சாம்பாறை வரையாவது ஓட்டி, நன்றாகச் சூடாக்கித் திருப்பிக் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் தொடாமல் விடுங்கள்.